சேவல் கழுத்து இறகு

நைட் டூட்டி முடிந்து வெளியே வந்தால்
ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆம்னி நின்றது.
பின்சீட்டில் மூங்கில் கழிகள் காதை உரச
என் மடியில் ஜெபின், அவன் மடியில் மண்புழு டப்பா.
மணிக்கட்டில் என்ன என்றான்.
பல் தடம்.
விடியற்காலை மூன்றாவது பிரசவத்தில்
ஒருத்தி வலி தாங்காமல் கடித்தது.
நாய் என்று சொல்லிவைத்தேன்.
குடியாத்தம் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தரம் தூங்கி
இரண்டு தரமும் டப்பா திறந்த வாடையில் விழித்தேன்.

மோர்தானாவில் பங்குனி வெயில் இன்னும் கைவைக்கவில்லை.
புங்கம்பூ கொட்டிக் கிடந்த கரையில்
சாலமோன் பாயை விரித்தார்,
பிறகு அவரே அதில் படுத்துக்கொண்டார்.
மீன் பிடிக்கப் போகலாம் என்று
ஒரு மாதமாக நச்சரித்தவர் அவர்தான்.

கவுஸ் மட்டும் உட்காரவே இல்லை.
ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தையல் பார்க்கிறவன்.
மிச்ச நூலில், சேவல் கழுத்து இறகு வைத்து
முள்ளைச் சுற்றிக் கட்டியிருந்தான் ஒரு பூச்சி.
செம்பழுப்பு. நடுவில் ஒரு பொட்டு ஜிகினா.
"புழு இன்னாத்துக்கு அண்ணி?
இது தண்ணி மேல நடக்கும், பாத்துனே இருங்க."
எறிந்தான். நடந்தது.
இருபது தரம் எறிந்தான், இருபது தரமும் நடந்தது.
ஒரு மீனும் திரும்பிப் பார்க்கவில்லை.
நஸ்ரீன் துப்பட்டாவுக்குள் சிரித்தாள்.

அதற்குள் பிள்ளைகள் மைதா உருண்டையில்
நாலு ஜிலேபிக் கெண்டையைத் தூக்கி
பக்கெட்டில் போட்டுப் பெயரும் வைத்தாயிற்று.
ஒன்றின் பெயர் ஹெட்மாஸ்டர்.

சாப்பிட்ட பிறகு பூச்சி அறுந்துபோனது.
இன்னொன்றை நான் கட்டினேன்:
தையல் போடுவதைப் பார்த்துப் பார்த்து
விரல் தானாகக் கற்ற முடிச்சு.
"அங்க, அந்த மொட்டைக் கருவேலத்துக்குப் பக்கமா" என்று
கவுஸ் கைகாட்டினான்.
இறகு விழுந்தது. ஒரு நொடி சும்மா இருந்தது.
பிறகு தண்ணீர் உள்ளிருந்து உதைத்தது.

கழி வளைந்ததும் நான் கத்தியதும்
சாலமோன் பாயோடு எழுந்ததும் நினைவிருக்கிறது.
நரம்பு விரலில் கோடு போட்டது நினைவிருக்கிறது.
கரையேறியபோது முழங்கை நீளம் விரால்.
கறுப்பு முதுகு, பாம்புத் தலை, இமைக்காத கோபம்.

"அம்மா, தண்ணி சிவப்பா கொதிக்குது" என்றாள் ஆலியா.
அவள் நஸ்ரீன் மகள், என்னையும் அம்மா என்பாள்.
கருவேலத்தடியில்
மிளகாய்த் தூள் கொட்டியதுபோல்
குஞ்சுகள். நூறா, ஆயிரமா.
மேலே வந்தன, கீழே போயின,
சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்.

கவுஸ் தரையைப் பார்த்துச் சொன்னான்:
"குஞ்சு காவல்ல கீற விரால் பசிக்குக் கடிக்காது அண்ணி.
கோவத்துல கடிக்கும்."
தெரிந்துதான் கைகாட்டியிருக்கிறான்.

பையில் ஆர்ட்டரி இருந்தது, எப்போதும் இருக்கும்.
தாயோ தகப்பனோ தெரியாத அந்த வாயில்
முள்ளைப் பிடித்துத் திருப்பி எடுத்தேன்.
ஒரு சொட்டு ரத்தம். அவ்வளவுதான்.
"நல்லா ரெண்டு கிலோ வரும்" என்றார் சாலமோன்.
விட்டேன் என்று சொல்ல முடியாது.
வழுக்கியது என்றும் சொல்ல முடியாது.
முழங்கால் தண்ணீரில் குனிந்திருந்தேன்,
பிறகு கையில் ஒன்றுமில்லை.

கவுஸ் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு மிச்சமிருந்த இறகை
ஆலியாவின் கிளிப்பில் செருகிவிட்டான்.

திரும்பும் வழியில்
அணைக்குக் கீழே கொட்டகையில் நிறுத்தி
ஒன்றரைக் கிலோ கெளுத்தி எடை போட்டு வாங்கினோம்.
எதிர்வீட்டு லோகநாயகி கேட்டாள், நீங்க புடிச்சதா?
சாலமோன் இரண்டு கையையும் அகல விரித்தார்.
விரித்த அளவு என்னவோ உண்மைதான்.

இன்றும் நைட் டூட்டி.
அவசரமாகக் குளிக்கப் போனால்
பக்கெட்டில் ஹெட்மாஸ்டர்.
மக் எடுக்க விடவில்லை.